முப்பத்தொன்பது பதில்கள்

அங்கயற்கண்ணி கேள்வி கேட்க உட்கார்ந்துவிட்டால், ஈரோட்டில் எந்த முதலாளியும் உண்மையை மறைத்துவிட்டு எழுந்து போனதில்லை. வலைத்தளம் வேண்டும் என்று வந்த ஒரு பனியன் கம்பெனிக்காரர் அவளுடைய பதினெட்டாவது கேள்வியில் விம்மி அழுது, தனக்குப் பனியனே பிடிக்காது, நாய் வளர்க்கத்தான் ஆசை என்று ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இருபத்தாறாவது கேள்வியிலேயே கூட்டாளியைப் பிரிந்து, கீழே இறங்கும்போது தனி ஆட்டோவில் போனார். காவல் நிலையத்திலிருந்து அவளை இரண்டு நாள் இரவல் கேட்டதாகக்கூட ஒரு பேச்சு உண்டு. அவள் அதை மறுத்ததில்லை.

இப்படி ஓர் ஆள் தேவைப்பட்ட காலம் அது. வலைத்தளம் கட்டுவதற்கு மனிதர்கள் வேண்டியதில்லை, ‘நாடி’ என்றொரு மென்பொருள் வந்துவிட்டது. இன்னது தேவை என்று எழுதிக் கொடுத்தால் பதினோரு நிமிடத்தில் தளம் தயார். அதுவும் சுவரொட்டி மாதிரி சும்மா நிற்கிற தளமல்ல. வருகிறவர்களோடு பேசும். வராதவர்களைத் தேடிக்கொண்டு போகும். யாருக்கு எப்போது என்ன குறை என்று மோப்பம் பிடித்து, அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் கதவைத் தட்டும். அதற்குத் தெரியாத ஒன்றே ஒன்று, தளம் கேட்டு வந்தவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது. அதை மனிதரிடம் மனிதர்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்கென்று நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட தேவைப் படிவம் ஒன்று இருந்தது. அங்கயற்கண்ணி அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மனப்பாடமாக, பின்னாலிருந்து முன்னாகவும் சொல்வாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு நாள் சோம்பல்பட்டாள்.

அது ஐப்பசி மாதம். பெருந்துறை சாலையில், பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த அலுவலகத்துக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு என்று ஒருவர் படியேறி வந்தார். அவர் சடையப்பன். கோபி பக்கத்தில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். ஐஸ் பெட்டி என்றால் குல்ஃபி வைக்கிற பெட்டி அல்ல. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கூடத்தில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி.

அலுவலக முதலாளி கார்வேந்தனுக்கு மறுநாள் மகளின் நிச்சயதார்த்தம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தவரைப் பார்த்தார். பேயைப் பார்த்தவர் போல எழுந்தார். மேசைமேல் இருந்த தாம்பூலத் தட்டை முதுகால் மறைத்துக்கொண்டார்.

“கண்ணி, உள்ள உடாத. நிச்சயத்தை வெச்சுக்கிட்டு இதென்ன கிரகம்! அப்படியே கீழ கூட்டிட்டுப் போயி, ரெண்டு வார்த்தை கேட்டு அனுப்பிச்சு உட்று.”

அவள் மாடிப்படித் திருப்பத்துக்கு இறங்கிப் போய் நின்றாள். சடையப்பன் முகம் வாடவில்லை.

“நாங்க எங்கயும் உள்ள வர்றதில்லீங் அம்மணி. கல்யாணம், காதுகுத்து, எதுக்கும் கூப்புடறதுமில்ல, போறதுமில்ல. நின்னுக்கிட்டே கேளுங்.”

அவள் முதல் கேள்வியைக் கேட்டாள்: நிறுவனத்தின் பெயர். இரண்டாவதைக் கேட்டாள்: என்ன சேவை. மூன்றாவதற்கு வாயெடுக்கும்போது மேலே கார்வேந்தன் இருமினார். அந்த இருமல் மூன்று மாடிக்கும் கேட்டது.

“எங்க தொழில்ல ஒண்ணு இருக்குதுங் அம்மணி,” என்று சடையப்பன் தொடங்கினார். “மத்த யாவாரம் மாதிரி இல்ல. அதையச் சொல்லிப்போட்டேன்னா...”

“நானே பார்த்துக்கறேனுங்ண்ணா. தளம் நாளைக்கு ரெடி.”

சாவு வீட்டுக்கு என்ன பெரிய தேவை இருந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். மேலே போனாள். முந்தின வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்காக நிரப்பிய படிவம் திரையில் கிடந்தது. அதில் பெயரையும் சேவையையும் மட்டும் மாற்றினாள். மிச்சம் முப்பத்தொன்பது பதில்களை அப்படியே விட்டு, நாடிக்கு அனுப்பிவிட்டு, பேக்கரியிலிருந்து வந்த தேங்காய் பன்னைச் சாப்பிட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய படிவத்தின்மேல் புதிய பெயர். யாரும் செத்துப்போனதில்லை, அதுவரை.

இரண்டரை மாதம் கழித்து, தை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது, சடையப்பன் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாடியே ஏறவில்லை. பேக்கரி வாசலில், டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நின்றார். அங்கயற்கண்ணிக்கு ஆளனுப்பினார்.

“பெட்டி பத்தலீங் அம்மணி.”

“நல்லதுதானுங்ண்ணா! தளம் நல்லா ஓடுதுன்னு அர்த்தம்.”

“நெம்ப நல்லா ஓடுதுங். ஆளு உசுரோட இருக்கறப்பவே நாள் குறிச்சு வருதுங்.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செல்லை நீட்டினார். திரையில் பெயர், ஊர், தேதி என்று ஒரு நீண்ட பட்டியல். எல்லாத் தேதியும் இனிமேல் வரப்போகிறவை.

“முதல்ல யாரோ வெளையாடறாங்கன்னு நெனச்சேனுங். நம்பியூர்ல ஒருத்தருக்கு நாள் போட்டிருந்துது. நேர்ல போயிப் பார்த்தேன். மனுசன் உக்காந்து பணியாரம் தின்னுக்கிட்டு இருக்கறாரு! என்னையப் பார்த்து, உக்காருங்கன்னு எனக்கும் ரெண்டு வெச்சாரு. சரி, பொய்னு வந்துட்டேன். சொன்ன தேதிக்கு விடிகாலைல போன் வருது, பெட்டி எடுத்துட்டு வாங்கன்னு.”

“தற்செயலா இருக்குமுங்.”

“இருபத்தியோரு பேருங் அம்மணி. அதுல பத்தொன்பது பேரு சொன்ன தேதி தவறல. மிச்சம் ரெண்டு பேரு ஒருநாள் முந்திட்டாங்க.” டீ கிளாஸைக் குடிக்காமலே கீழே வைத்தார். “முப்பது வருசமா சாவுக்குப் பின்னால போறவனுங் நானு. இப்ப எனக்குப் பின்னால அது வருது. ஊருக்குள்ள என்ற வண்டி திரும்பினா கதவச் சாத்தறாங்க. நியாயந்தானுங்களே?”

அவள் விரல் பட்டியலில் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. ஜனவரி பதினேழு, கவுந்தப்பாடி. இருபத்திரண்டு, அந்தியூர். பிறகு நின்றது.

ராக்கியப்பன், 72, சித்தோடு. ஜனவரி 27.

அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஒரு மாதமாக லேசான இருமல். அதைத் தவிர, தேங்காய் உரிக்கப் பல்லைப் பயன்படுத்துகிற ஆள். இன்னும் பதினெட்டு நாள்.

*

நாடியைப் பார்த்துக்கொள்கிற ஷர்புதீன் படிவத்தைத் திறந்தான். படித்தான். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“அக்கா, ‘எவ்வளவு முன்னாடி பதிவு வேணும்’னு கேட்டதுக்கு, ‘மூன்று மாதம்’னு போட்டிருக்கீங்க.”

“மண்டபத்துக்குப் போட்டதுடா.”

“‘மாதத்துக்குக் குறைஞ்சது முப்பது.’ ‘நெருங்கின சொந்தம் எல்லாரும் வர வசதியான நாளாப் பார்த்துத் தர வேணும்.’ ‘வீட்டுப் பெரியவர்களை மனசளவில் தயார் பண்ண வேணும்.’” அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. “‘ஒரு தடவை வந்த குடும்பம் அடுத்தடுத்த விசேஷத்துக்கும் நம்மகிட்டயே வரணும்.’ அக்கா!”

“அது கொல்லுதாடா?”

“ஒரு எறும்பைக்கூடத் தொடல. அதான் பயமா இருக்கு. சும்மா எல்லாருக்கும் நல்லது பண்ணுது, அவ்வளவுதான்.” பதிவுகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். “யாராவது ஒருத்தர் ‘அப்பாவுக்கு இருமல்’னு தேடறாங்கன்னு வைங்க. இது போய் அன்பா விசாரிக்கும். ‘பெரியவரைப் பார்க்க எப்ப வர வசதிப்படும்?’ அவங்க ஒரு தேதி சொல்லுவாங்க. எல்லாப் பிள்ளைங்க லீவும் எந்த நாள்ல பொருந்துதோ, அந்த நாளை முடிவு பண்ணிக்கும். அப்புறம் சொந்தக்காரங்களுக்கு, ‘அவரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நல்லது’. மருந்துக் கடைக்கு, ‘அடுத்த மாத மாத்திரை வேண்டியதில்லை’. டாக்டருக்கு, ‘இனி ஊசி குத்தித் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று குடும்பம் விரும்புகிறது’. பால்காரருக்குக்கூடப் போயிருக்குக்கா.”

“அதுக்காக மனுசன் செத்துப்போவாரா?”

“அறுபது பேர் வரிசையா ஆரஞ்சுப் பழத்தோட வந்து, கட்டிலோரம் நின்னு, ஒரு மாதிரி மூஞ்சி வெச்சுக்கிட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘எல்லாம் நல்லபடியா வாழ்ந்துட்டீங்க’ன்னு சொல்லிட்டுப் போனா, ஒரு குஸ்தி பயில்வான்கூட எழுந்திரிக்க மாட்டான்க்கா. எல்லாரும் டிக்கெட் எடுத்து வந்துட்டாங்க. அவரு எப்படி சாகாம இருப்பாரு? மரியாதை இல்லையே.”

“சரி, தளத்தை இறக்கிடு. இப்பவே.”

“இறக்கிடலாம். ஆனா ஊரெல்லாம் போன சேதியை எப்படி இறக்குறது? இருநூத்திப் பன்னெண்டு குடும்பத்து மனசுல தேதி ஏறியாச்சு. நாடியையே அனுப்பித்தான் அதைத் திரும்ப எடுக்கணும். அதுக்கு, உண்மையில என்ன தேவைன்னு நாம சரியா எழுதிக் கொடுக்கணும்.” அவன் தயங்கினான். “இந்தத் தடவை கேட்டுட்டு எழுதுங்கக்கா.”

*

அவள் முதலில் சித்தோட்டுக்கு ஓடினாள். வீட்டு வாசலில் முப்பது ஜோடி செருப்புக் கிடந்தது. உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒரு கடையே வைக்குமளவுக்கு அடுக்கியிருந்தன. பழத்தின் வாசனையில் ஈ மொய்த்தது. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட வந்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராக்கியப்பன் நடுவில் படுத்திருந்தார். ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தார்.

“வா கண்ணு. என்னமோ தெரியல, சனமெல்லாம் வந்து வந்து பாக்குது,” என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது. “அந்த டாக்டரு நெஞ்சுப் படம் எடுக்கோணும்னாரு. போன வாரம் போனா, எதுக்குங்கய்யா வீண் அலைச்சல், ஊட்லயே நிம்மதியா இருங்கன்னு சொல்லிப்போட்டாரு. எனக்கு என்னமோ இருக்குது. யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.”

“ஒண்ணுமில்லீங்ப்பா. வெறும் இருமல்.”

“நீயும் சொல்ல மாட்டேங்கற, பாரு,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கொல்லைப்புறம் போய், அமெரிக்காவில், டாலஸில் இருக்கும் தம்பி தாமோதரனை அழைத்தாள்.

“தாமு, அப்பா விசயமா உனக்கு ஏதாவது சேதி வந்துச்சா?”

“ஆமாக்கா. நெம்ப நல்ல சர்வீஸ். அவ்வளவு பொறுமையா விசாரிச்சாங்க. எனக்கு எப்ப லீவுன்னு கேட்டாங்க. ஜனவரி கடைசில ஒரு வாரம் கிடைக்கும்னேன். ஏன்?”

“எதுக்கு லீவுன்னு நீ யோசிக்கவே இல்லியாடா?”

அமெரிக்காவில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“யோசிச்சேன்க்கா,” என்றான். “அம்மாவுக்கு நான் வர முடியல. செல்லுலதான் பார்த்தேன். நெருப்பு வெச்சதைக்கூடச் செல்லுல பார்த்தேன். இந்தத் தடவை கூட இருக்கணும்னு நெனச்சேன். கேட்டாங்க, சொன்னேன். நான் என்ன அவரைச் சாகச் சொன்னேனா?”

அவள் அவனைத் திட்டவில்லை. அன்று படியில் கேட்காமல் விட்ட வாயும், பதில் எழுதாத கையும் யாருடையவை என்று அவளுக்குத்தான் தெரியுமே.

*

மறுநாள் காலை அங்கயற்கண்ணி கோபிக்குப் போனாள். கார்வேந்தன் தடுத்தார்; அவள் காதில் வாங்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் ஒன்பது கண்ணாடிப் பெட்டிகள் துடைத்து வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்ததும் சடையப்பன் பதறிப்போனார்.

“இங்க யாரும் உக்கார மாட்டாங்களேங் அம்மணி!”

“நாற்பத்தொரு கேள்விங்ண்ணா. மதியம் ஆயிடும். டீ சொல்லுங்.”

அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார். முப்பது வருடம் யாரும் கேட்காததால் எல்லாப் பதில்களும் உள்ளே தயாராக இருந்தன. காவிரியில் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி வந்தன.

“தளத்துக்கு வர்றவங்களை எப்படி வரவேற்கணும்?”

“வரவேற்கவே கூடாதுங். எழவு ஊட்ல யாரும் வாங்கன்னு சொல்றதுண்டா? நாங்க போறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டோம். நன்றி சொல்ல மாட்டோம். பெட்டிய எடுத்தோமா, திரும்பிப் பாக்காம நடந்தோமான்னு இருக்கோணும். உங்க தளத்துல முதல் வரியே ‘நல்வரவு’ன்னு போட்டிருந்துதுங். கடைசில, ‘மீண்டும் வருக’. அதையப் பார்த்த அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.”

“மாதத்துக்கு எத்தனை பேர் வரணும்?”

“ஒருத்தரும் வர வேண்டாமுங். வந்தா வரட்டும்.”

“அப்புறம் எதுக்குங்ண்ணா தளம்?”

அவர் ஒரு பெட்டியின் விளிம்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஒரே ஒரு நெம்பருங் அம்மணி. அழுதுட்டு இருக்கறவன் கண்ணுக்கும் தெரியற மாதிரி, இத்தாம் பெருசா. வேற ஒண்ணும் வேண்டாம். ஒருத்தரு பேரும் வெச்சுக்கக் கூடாது. யாரு வந்தாங்க, எந்த ஊருன்னு எழுதியே வெக்கக் கூடாது. சாவு ஊட்டு ஞாபகம் எங்ககிட்டத் தங்கப்படாதுங். இதையத்தான் அன்னிக்குப் படியில சொல்ல வந்தேன்.”

அங்கயற்கண்ணி நாற்பத்தொன்றையும் அவர் வாயால் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

நாடி பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது. தளம் கரைந்து, வெள்ளைத் திரையில் ஒரு பெரிய எண் மட்டும் நின்றது. மருந்துக் கடைக்கும் டாக்டருக்கும் பால்காரருக்கும் மறுப்புச் சேதி போனது. இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் பணிவான கடிதம் ஒன்று போனது: முன்பதிவு இனி இல்லை, தங்கள் தேதியை ரத்து செய்துகொள்ளவும்.

“வந்துச்சுக்கா. அழுத்திட்டேன்,” என்று தாமு பேசினான். மூக்கை உறிஞ்சினான். “மன்னிச்சுக்கோ.”

பொங்கலன்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். மாட்டுப் பொங்கலன்று நெஞ்சுப் படம் எடுத்தார்கள், சளி, அவ்வளவுதான். ஜனவரி இருபத்தேழாம் தேதி காலை அவள் சித்தோட்டில் கட்டிலருகே காவல் காத்தாள். அப்பா நாலு இட்லி கேட்டார். பிறகு இன்னும் நாலு. மதியம் ஆட்டுக்கறி கேட்டுச் சண்டை போட்டார். சாயங்காலம் வாசலில் போன பஸ்ஸை நிறுத்தி, அதன் கண்டக்டருக்கு டிக்கெட் கிழிப்பது எப்படி என்று பாடம் எடுத்தார். தேதி தோற்றுவிட்டது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் ஷர்புதீனுக்குப் பேக்கரியிலிருந்து ஒரு முழுக் கேக் வாங்கிக் கொடுத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

“அக்கா, எல்லாரும் பதில் அனுப்பிட்டாங்க. ஆனா ரத்து பண்ணினது நாலே பேரு.”

“இருநூத்திப் பன்னெண்டுல நாலா? மத்தவங்க?”

“கடிதத்துல ரெண்டு பொத்தான் இருந்துச்சு. ‘ரத்து’, அப்புறம் ‘வேறு தேதி’.”

“ரெண்டாவதை யாருடா வெக்கச் சொன்னது? சடையப்பண்ணன் அப்படி ஒண்ணும் சொல்லலியே.”

“யாரும் சொல்லல. குடும்பங்களுக்கு அதுதான் தேவைன்னு அதுவே புரிஞ்சுக்கிச்சு. சரியாத்தான் புரிஞ்சிருக்கு. இருநூத்தி எட்டு பேரு அதைத்தான் அழுத்தியிருக்காங்க.”

“தாமு எதை அழுத்தினான்? பாரு.”

“பார்க்க முடியாதுக்கா. பேரு, ஊரு, தேதி எல்லாத்தையும் அழிச்சிடுச்சு. அதான் வாடிக்கையாளரோட தேவைன்னு நீங்கதானே எழுதினீங்க.”

அவள் செல் அடித்தது. அப்பா. பின்னால் யாரோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற சத்தம். குரலில் அப்படி ஒரு குதூகலம். ஐம்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் நூறு பேரை ஏற்றிவிட்ட நாளின் குரல்.

“கண்ணு, சேதி தெரியுமா? தம்பி வர்றானாமா! ஜூன் பதினெட்டு. புள்ளைங்களுக்கு அப்பத்தான் பள்ளிக்கூடம் லீவாமா. நாலு பேத்துக்கும் டிக்கெட்டு போட்டுட்டானாமா. உன்ற பெரியப்பன் ஊடு, சேலத்துச் சித்தி, எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டானாமா. எல்லாரும் அன்னிக்கு இங்க இருப்பாங்க.”

அவள் மேசைக் காலண்டரை ஜூன் வரை புரட்டினாள்.

“அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆவாது, நீ பயப்படாத,” என்று சிரித்தார் ராக்கியப்பன். “நீயும் அன்னிக்கு ஆபீசுல லீவு சொல்லி வெச்சுரு கண்ணு.”